வெயிலானவர்கள்

நூற்று எழுபத்தாறு பேரை ஏற்றிக்கொண்டு வளைகுடாவிலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று, மழையில்லாத மேகமில்லாத ஒரு பங்குனி மாதத்துக் காலையில், கடலுக்கு மேலே வந்துகொண்டிருக்கும்போதே யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இல்லாமல்போய்விட்டது. கப்பல்கள் தேடின, வேறு விமானங்கள் தேடின, எந்தெந்த நாட்டுக்காரர்களோ எந்தெந்தக் கருவிகளையோ கடலுக்குள் இறக்கித் தேடினார்கள். ஒரு செருப்புகூட மிதக்கவில்லை. எட்டாம் நாள் மதியம் ஒன்று நாற்பதுக்கு அந்த விமானத்தின் நிழல் மட்டும் தூத்துக்குடிக்குத் தெற்கே சங்குமேடு உப்பளத்துக்கு வந்து சேர்ந்தது.

அப்போது அங்கே நாற்பது பேர் வேலையில் இருந்தார்கள். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் காலடியில் வெளிச்சம் குறைந்ததைக் கண்டு மேலே பார்த்தார்கள்; மேலே ஒன்றுமில்லை. கீழே பார்த்தார்கள், பன்னிரண்டு பாத்திகளை அடைத்துக்கொண்டு இரண்டு சிறகும் ஒரு வாலுமாக நிழல் கிடந்தது, அசையவில்லை. கங்காணி சுடலையாண்டி இடுப்பில் கைவைத்து ஒரு சுற்று பார்த்தார், பிறகு தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் வலது சிறகின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் எல்லோரும் போனார்கள். இதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாலு மைல் சுற்றளவுக்கு ஒரு உடைமரம்கூட இல்லாமல், மேலே ஒரு சூரியனும் கீழே உப்பில் ஒரு சூரியனுமாக இரண்டு பக்கமும் வெந்துகொண்டிருக்கிறவர்கள், நிழல் ஒன்று தானாக வந்து விழுந்தால் முதலில் அதில் உட்கார்ந்துவிட்டுத்தான் அது எதனுடைய நிழல் என்று கேட்பார்கள்.

பேச்சித்தாயும் உட்கார்ந்தாள். அவள் புருஷன் இசக்கிராசு அந்த விமானத்தில்தான் வந்துகொண்டிருந்தான். எட்டு நாளாக அழுவதற்கென்று வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அழுதுவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை, தூக்கம் வந்தது, வேலை வந்தது, ஆறாம் நாளே உப்பளத்துக்குத் திரும்பியிருந்தாள். கஞ்சியைக் குடித்தபடி மோர்மிளகாயைக் கடித்தாள், அது உறைக்கவில்லை. பதினெட்டு நிமிஷம் கழித்து நிழல் நகராமல், கரையாமல், இருந்த இடத்திலேயே இல்லாமல்போனது, எல்லோர் தலையிலும் வெயில் பொத்தென்று விழுந்தது. அவள் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போனாள்.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது, அதே பன்னிரண்டு பாத்தியில் விழுந்தது. உப்பு ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர்தான் வண்டியின் கூரைமேல் ஏறி நின்று பார்த்துவிட்டு, இது ஏரோப்ளேன் இல்லையா என்று கேட்டார். நாற்பது பேரும் பேச்சித்தாயைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: போனவர்களில் சங்குமேட்டுக்காரன் இசக்கிராசு ஒருத்தன்தான், வழி தெரியாமல் நின்ற நிழலை அவன்தான் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். இதில் ஊருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

ஒரு வாரத்தில் வேன்கள் வரத் தொடங்கின. பரமக்குடி, பெரம்பலூர், கடையநல்லூர், அதிராம்பட்டினம் என்று எங்கெங்கிருந்தோ பயணிகளின் வீட்டார் வந்து இறங்கினார்கள், உப்பின் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள், ஒன்று நாற்பதுக்கு நிழல் வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து, நிழல் விழுகிற இடம் பட்டாவா புறம்போக்கா என்று பார்த்து, வால்பகுதி மட்டும் புறம்போக்கில் வருவதாக எழுதிக்கொண்டு போனார். உப்பளத்து முதலாளி முதலில் சத்தம் போட்டார், பிறகு ஒருநாள் மதியம் நிழலுக்குள் வந்து நின்று பார்த்தார், அதற்குப் பிறகு சத்தம் போடவில்லை. நிழல் விழுந்த பாத்திகளில் விளைந்த உப்பு கொஞ்சம் கறுத்திருந்தது. கருவாடு போட நல்லது என்று அதையும் வாங்கிப்போக ஆள் வந்தது.

இருக்கைப் பட்டியல் பேப்பரில் வந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர், அவருடைய மருமகன் பதினான்காம் வரிசையில் இருந்தான், மூன்று மதியங்கள் டேப் பிடித்து அளந்தார். நிழல் அளவு பிசகாமல் விமானத்தின் அளவிலேயே இருந்தது. நாலாம் நாள் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டார்: முப்பது வரிசை, நடுவில் ஒரு நடை, நடைக்கு இந்தப் பக்கம் மூன்று அந்தப் பக்கம் மூன்று. அவரவர் ஆள் இருந்த இடத்தில் அவரவர் உட்கார்ந்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. நம் ஆட்களுக்கு இது போதாதா? காலை பதினோரு மணிக்கே துண்டு போட்டு இடம்பிடிக்க ஆரம்பித்தார்கள். நிழலே வராத வெறும் உப்பில் நூற்றைம்பது துண்டுகள் நாலு மூலையிலும் உப்புக்கட்டி வைத்து வரிசையாகக் கிடந்தன, துண்டு போட்டிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று சண்டைகள் நடந்தன, இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து இரண்டு நாள் யாரோ ஒருவருக்காக அழுத அம்மாள் ஒருத்தி மூன்றாம் நாள் விஷயம் தெரிந்து பதறி இடம் மாறினாள். பயணிகளில் சொந்தம் இல்லாத உள்ளூர்க்காரர்கள் சிறகுகளில் உட்கார்ந்தார்கள். டீக்கார மாசானம் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மூக்கிலிருந்து வால்வரைக்கும் நடையில் போய்த் திரும்பி வந்தார்.

வந்தவர்கள் எல்லோரும் பேச்சித்தாயைத் தேடி வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள், கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவளைத் தேடி வந்து பேசுகிற மாதிரி. தண்ணீர் எங்கே கிடைக்கும், பெண்கள் ஒதுங்க எங்கே போவது என்று அவளிடம்தான் கேட்டார்கள். அவள் சொன்னாள். கேட்டதற்குப் பதில் சொல்வது அந்த நாட்களில் அவளுக்கு எளிதாக இருந்தது, கேட்காத ஒன்றுதான் உள்ளே கிடந்தது.

பேரிலேயே பேச்சை வைத்துக்கொண்டிருக்கிறவள், வாயும் அதற்குத் தகுந்தாற்போல்தான். இசக்கிராசு அதற்கு நேர்மாறு. குழாயடியில் தன் முறையை விட்டுக்கொடுப்பான், முடிவெட்டப் போன இடத்தில் நாலு பேருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெட்டாமலே திரும்பி வருவான், அப்பன் சொத்தில் கிணற்றுப் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தான். பிள்ளையில்லாத வீட்டில் இரண்டு பேருக்கும் சண்டை போட வேறு விஷயமே கிடையாது. ஒன்பது வருஷம் வெளிநாட்டில் இருந்தான். போகும்போதும் வரும்போதும் நடு சீட்டுதான் கிடைக்கும். இந்தத் தடவை இருபத்திரண்டு ஏ, ஜன்னல். இறங்கும்போது மேலேயிருந்து நம் உப்பளம் தெரியும், நீ நிற்கிற பாத்தியைக்கூடக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பத்து நாளாகப் போனில் அதே பேச்சு. கேட்டுக் கேட்டு அவளுக்கே அந்த ஜன்னல்மேல் ஒரு ஆசை வந்துவிட்டது.

அன்று காலை விமானத்துக்குள் உட்கார்ந்துகொண்டு பேசினான். பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, அவளுடைய சின்னப் பிள்ளைக்குக் கடைசி வரிசையில் தனியாக இடம் போட்டுவிட்டார்களாம், பிள்ளை அழுகிறதாம், ஜன்னல் சீட்டைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அவன் கடைசி வரிசைக்குப் போக முடியுமா என்று கேட்கிறாளாம். என்ன செய்யட்டும் என்று பேச்சித்தாயிடம் கேட்டான். எப்போதும் கொடுத்துவிட்டுத்தான் சொல்வான், அன்றைக்கு என்னவோ கேட்டான்.

"குடுங்க, நல்லாக் குடுங்க. குடுத்துட்டு நின்னுக்கிட்டே வாங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

கோபத்தில் ஒரு பெண் செய் என்று சொன்னால் செய்யாதே என்று அர்த்தம். கட்டிய புருஷனுக்கு அது தெரியாமலிருக்காது. அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் அவன் ஜன்னலோரமே இருந்திருப்பான். கேட்காமல் தன் குணப்படி செய்திருந்தால் கடைசி வரிசைக்குப் போயிருப்பான். இரண்டில் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. நிழலுக்கு முகம் கிடையாது, அதில் எல்லோரும் ஒரே கறுப்பாக இருந்தார்கள்.

இருபத்திரண்டு ஏ-யில் துண்டு போடப் போன முதல் நாளே அங்கே வேறொரு துண்டு கிடந்தது, குழந்தைகளுக்கு வாங்குகிற சின்ன ரோஸ் துண்டு, ஓரத்தில் வாத்துப் படம் போட்டது. அதன் பக்கத்தில் முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாகர்கோவிலில் மிக்ஸி கிரைண்டர் பழுதுபார்க்கிறவர், பெயர் ஜெஸ்டின். இது எங்க வீட்டுக்காரர் சீட்டு என்று அவள் சொன்னாள். அவர் எழுந்துவிட்டார், எழுந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் மனைவி ஷைலா வளைகுடாவில் நர்சாக இருந்தவள், ஐந்து வயது மகள் அபிஷாவைக் கூட்டிக்கொண்டு லீவுக்கு வந்துகொண்டிருந்தாள். ஷைலா இருபத்திரண்டு பி. பிள்ளைக்கு விழுந்தது முப்பதாம் வரிசை. விமானத்தில் ஏறிய பிறகு ஷைலாவும் அவருக்குப் போன் செய்திருந்தாள். "ஒரு அண்ணன் ஜன்னல் சீட்ட பிள்ளைக்குத் தாரேன்னு சொன்னாவ, வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்னு போன்ல பேசிட்டிருக்காவன்னு சொன்னா" என்றார் ஜெஸ்டின். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியாது. அபிஷா அம்மா மடிப்பக்கத்தில் ஜன்னலோரம் இருந்தாளா, இல்லை கடைசி வரிசையில் முகம் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் தனியாக இருந்தாளா. அதனால் அவரிடம் இரண்டு துண்டுகள் இருந்தன. பதினெட்டு நிமிஷத்தில் ஒன்பது நிமிஷம் இங்கே உட்காருவார், பிறகு எழுந்து நடை வழியாகப் போய் ஒன்பது நிமிஷம் முப்பதாம் வரிசையில் உட்காருவார்.

போனில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று அவர் அவளிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ரோஸ் துண்டை ஒட்டித் தன் துண்டை விரித்து, நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டாள். சித்திரையும் வைகாசியும் அப்படியே போயின. அவர் அக்கா என்று கூப்பிடுவார், அவள் தம்பி என்று கூப்பிடுவாள், டீ வந்தால் ஒருவர் வாங்கி ஒருவருக்குக் கொடுப்பார்கள். ஒன்பதாம் நிமிஷம் அவர் எழுந்து போகும் ஒவ்வொரு நாளும் அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

வைகாசிக் கடைசியில் விமானக் கம்பெனியிலிருந்து பத்ரிநாத் என்று ஒருவர் வந்தார். உப்பளத்து ரோட்டில் பந்தல் போட்டு, மேசை போட்டு, மேசைக்கு முன்னால் மின்விசிறியும் வைத்தார். நல்ல மனிதர், யாரையும் அவசரப்படுத்தவில்லை, வந்தவர்களுக்கெல்லாம் மோர் வாங்கிக்கொடுத்தார். அவரிடம் ஒரு படிவம் இருந்தது. மேற்கண்ட பயணியை இனி எதிர்பார்ப்பதில்லை என்று இதன்மூலம் அறிவிக்கிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது, கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு. அதைப் போட்டுக்கொடுத்தால்தான் இறப்புச் சான்றிதழ் கிடைக்கும், அது கிடைத்தால்தான் மற்ற எதுவும் நடக்கும். ஒன்பதாம் வரிசைக்காரர் ஒருவர் முதலில் போட்டார், அண்ணனுக்காக.

மறுநாள் நிழல் வந்தபோது ஒன்பதாம் வரிசையில் ஒரு துண்டு அகலத்துக்கு வெயில் இருந்தது. சுற்றிலும் நிழல், நடுவில் அந்த ஒரு சதுரத்தில் மட்டும் உப்பு கண்ணைக் கூசவைத்தது. முதல் நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் நாலு பேர் போட்டார்கள், நாலு இடத்தில் வெயில் விழுந்ததும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அழுதார்கள், பத்ரிநாத்தைத் திட்டினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். வெயிலாகிவிட்டார் என்று ஒரு பேச்சு தானாக உண்டானது. உங்க ஆளு வெயிலாயிட்டாரா, இன்னும் நிழல்லதான் இருக்காரா என்று சாதாரணமாக விசாரித்துக்கொண்டார்கள், ஊரில் யாராவது சாவகாசமாகச் செத்துப்போனால்கூட வெயிலாயிட்டாரு என்றுதான் சொன்னார்கள். வெயில் விழுந்த இடத்தை மிதிக்கக் கூடாது என்று ஒரு வழக்கமும் வந்தது. வகுத்தது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வெயிலானவரின் வீட்டார் மறுநாள் ஒருதடவை வந்து அந்தச் சதுரத்தின் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, துண்டை மடித்து எடுத்துக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போவார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை.

ஆட்கள் வெயிலாக வெயிலாக நிழல் நிற்கிற நேரமும் குறைந்தது. பதினெட்டு நிமிஷம் பன்னிரண்டானது, பன்னிரண்டு எட்டானது. ஆடி பிறந்தபோது நூற்று எழுபத்தாறில் ஒன்பது பேர்தான் நிழலில் மிச்சம், நிழலும் ஆறு நிமிஷம்தான் நின்றது. ஜெஸ்டின் மூன்று நிமிஷம் இங்கே உட்கார்ந்துவிட்டு முப்பதாம் வரிசைக்கு ஓடினார். ஓடுகிற நேரத்தில் அரை நிமிஷம் வீணாகிறது என்று அதற்கும் வருத்தப்பட்டார்.

ஊரில் பேச்சித்தாயிடம் கேட்கத் தொடங்கினார்கள், எப்போது வெயிலாக்கப் போகிறாய் என்று. சுடலையாண்டியே ஒருநாள் சொன்னார், நிழல் தானாக நின்றுபோகிற வரைக்கும் விடாதே, நாமாக அனுப்பி வைத்தால்தான் மரியாதை என்று. அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் என்று ஒன்று தனக்கு இருந்ததையே அவள் மறந்திருந்தாள். நாலு மாதமாக அவள் யாரையும் ஒரு சுடுசொல் சொல்லவில்லை, பேச்சிக்கு என்ன ஆயிற்று என்று உப்பு வாருகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் அவள் ஜெஸ்டினிடம் கேட்டாள், நீங்கள் ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, போட்டால் பிள்ளை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடுமே என்று. அவர் ரோஸ் துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"ரெண்டு பேருக்கும் போட்டா ரெண்டு எடத்துல வெயில் விழும்" என்றார். "ஒட்டி விழுந்தா சரி. தள்ளி விழுந்துட்டா? ஒண்ணு இங்கயும் ஒண்ணு அந்தக் கடைசியிலயும் விழுந்துட்டா, அத பாத்துட்டு நான் எப்படிக்கா வீட்டுக்குப் போவேன்."

அதற்குப் பிறகு சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை. போனில் அவன் கேட்டதையும், தான் சொன்னதையும், சொன்ன அதே வார்த்தையில், அதே வரிசையில், கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சொல்லும்போது குரல் கணக்கப்பிள்ளையிடம் மூட்டை எண்ணிக்கை சொல்வதுபோல் இருந்தது. என் பேச்சைக் கேட்டு அவுக எந்திரிக்காம இருந்திருந்தா உங்க பிள்ளை தனியா இருந்ததுக்கு நான்தான் காரணம் என்றாள். அன்று மூன்றாம் நிமிஷம் வந்தது, போனது, ஜெஸ்டின் முப்பதாம் வரிசைக்குப் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தார். நிழல் போன பிறகும் இரண்டு பேரும் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை அவள் பந்தலுக்குப் போனாள். தன் ஒரு கையெழுத்தில் ஒரு வெயில்தான் விழும், அந்த ஒன்று ஜன்னலில் விழுகிறதா கடைசியில் விழுகிறதா என்று பார்த்தால் ஜெஸ்டினுக்கும் பதில் கிடைத்துவிடும், அவர் தன் இரண்டு பேரையும் தொட வேண்டியதில்லை. பதிலுக்குத் தன் புருஷனைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கொடுப்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. பத்ரிநாத் மோர் வாங்கிவரச் சொன்னார், அவள் வேண்டாம் என்றாள். பேச்சித்தாய் இசக்கிராசு என்று கோட்டுக்கு மேலே முழுசாக எழுதினாள். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வெளியே வந்த பிறகு நினைத்தாள்.

அதற்கு மறுநாள் ஊரே உப்பளத்தில் இருந்தது. தங்கள் ஆளை முன்னாலேயே வெயிலாக்கிவிட்டுப் போனவர்களில்கூட சில பேர் விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்தார்கள், வெயிலாகப்போகிறவன் நிழலைக் கூட்டிக்கொண்டு வந்தவன் அல்லவா. ஒன்று நாற்பதுக்கு நிழல் வந்தது. சல்லடை சல்லடையாக வெயில் விழுந்து, நிழல் என்று சொல்ல ஓரங்களும் சில சதுரங்களும்தான் மிச்சமிருந்தன.

பேச்சித்தாய் முதலில் இருபத்திரண்டு ஏ-யைப் பார்த்தாள். இரண்டு துண்டுகளும் நிழலில் கிடந்தன, ஒரு பொட்டு வெயில் இல்லை. அப்படியானால் கொடுத்துவிட்டான். அதற்குள் ஜெஸ்டின் ஓடத் தொடங்கியிருந்தார், முப்பதாம் வரிசைக்குப் போய்ச் சேர்ந்து, குனிந்து, கையால் உப்பைத் தடவிப் பார்த்தார். அங்கேயும் நிழல்தான். அவர் அங்கிருந்து திரும்பி அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். காகிதம் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

"பேச்சி, இது யாரு வெயிலு?" என்று மாசானம் கேட்டார்.

அவர் கெட்டிலோடு நடையில் நின்றுகொண்டிருந்தார். இருபத்திரண்டாம் வரிசையை ஒட்டி, சீட்டே இல்லாத இடத்தில், நடக்கிற வழியின் நடுவில், ஒரு ஆள் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்கிற அளவுக்கு வெயில் விழுந்திருந்தது. மாசானத்தின் கால் அதில் இருந்தது, உறைத்ததும் பின்னால் எடுத்துக்கொண்டார். நாலு மாதமாக அவர் நாளைக்குப் பத்துத் தடவை மிதித்துப் போன இடம், வேனில் வந்தவர்கள் எல்லோரும் மிதித்துப் போன இடம், தன் துண்டுக்குப் போவதற்காகப் பேச்சித்தாய் தினமும் மிதித்துப் போன இடம். அங்கே உப்பு மிதிபட்டு மிதிபட்டுச் சிமெண்டுத் தரையாகியிருந்தது.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மேலே வைத்த பையை எடுக்க எழுந்திருப்பான் என்றார் ஒருவர். பாத்ரூமுக்குப் போயிருப்பான் என்றார் இன்னொருவர். விமானத்தில் அப்படியெல்லாம் நிற்க விடமாட்டார்கள், பணிப்பெண் வந்து உட்காரச் சொல்லுவாள், பெல்ட் போடச் சொல்லுவாள் என்று போய்வந்த அனுபவமுள்ள ஒருவர் விளக்கினார். பேச்சித்தாய் ஒருத்திக்குத்தான் தெரிந்தது, அவளிடமிருந்து கேட்டிருந்ததால் ஜெஸ்டினுக்கும் தெரிந்தது. கொடுங்கள் என்று சொன்னாள், கொடுத்துவிட்டான். நின்றுகொண்டே வாருங்கள் என்று சொன்னாள், கடைசி வரிசையில் ஒரு காலி இடம் இருக்கும்போதே, நின்றுகொண்டே வந்திருக்கிறான். வாழ்நாளில் அவள் சொன்ன எதையும் அவன் அப்படியே கேட்டதில்லை.

அவளுக்கு அழுகை வந்தது. நாலு மாதம் கழித்து வந்ததால் எப்படி அழுவதென்று தெரியாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றாள், கண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கியது. பாவி மனுசன், கால் கடுத்திருக்குமே என்று நினைத்தாள். அவனைப் பற்றி அவள் மனதில் நாலு மாதத்தில் எழுந்த முதல் நினைப்பு அதுதான், மற்றதெல்லாம் தன்னைப் பற்றியதாகவே இருந்திருக்கிறது.

ஜெஸ்டின் திரும்பி நடந்து வந்தார். இந்தத் தடவை ஓடவில்லை.

"எந்திரிச்சிட்டாவ" என்றார். "அவிய எந்திரிச்சிட்டாவக்கா. அப்ப பிள்ளை அம்மைகூடத்தான் இருந்திருக்கு."

"ஆமா" என்றாள் பேச்சித்தாய். "நான் சொன்னதையும் கேட்டுருக்காக."

அவர் ரோஸ் துண்டின் மேல் உட்கார்ந்தார், உட்கார்ந்து முகத்தை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டார், முதுகு குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, அவள் இன்னும் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, தன் துண்டை ஒரு ஓரமாக இழுத்து இடம் ஒதுக்கினார். "இங்க வந்து இருங்கக்கா, எடம் கெடக்கு" என்றார்.

அவள் அவர் பக்கம் போகவில்லை. வெயிலானவர் இடத்தை அந்த உப்பளத்தில் அதுவரை யாரும் தெரிந்து மிதித்ததில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நடையில் அந்த வெயிலுக்குள் ஏறி, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, ஜன்னல் இருக்கிற பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். உப்பு உள்ளங்காலைச் சுட்டது. சுற்றி நின்றவர்கள் யாரும் தடுக்கவில்லை.

"நீங்க பிள்ளைக்கிட்ட இருங்க தம்பி" என்றாள். "நான் நின்னுக்கிடுதேன்."

நிழல் போவதற்கு இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.